ஊசி பிடித்த கை

ஊசி என்னும் சொல் தமிழர் இல்லங்களில் இருபொருள்பட வழங்கி வருவது. ஒன்று துணி தைப்பது. மற்றொன்று உடலில் மருந்து செலுத்துவது. தைக்கும் ஊசி தொன்றுதொட்டு மகளிர் கையில் இருந்தது. மருந்து ஊசியோ அவ்வாறன்று. நகரங்களில் அது மருத்துவர் கையில் இருந்தது. மலாயாத் தோட்டப்புறங்களில் டிரெசர் கையில் இருந்தது. அதனைப் பெற்றுக்கொண்டோர் கையை நீட்டினர். உள்ளிருக்கும் மருந்து யாதெனக் கேட்டவர் மிகச் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய கருத்தடை ஊசியின் கதையை ஆராயப் புகுவோர்க்கு இச்சிறு வேறுபாடே வழிகாட்டியாக அமையும். ஏனெனில் அம்மருந்து அறுபது ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. அதனைப் பிடித்த கைகளே மாறிவந்துள்ளன.

மருந்தின் பெயர் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட். 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அப்ஜான் நிறுவனம் அதனை உருவாக்கிற்று. பெண்ணுடலில் இயல்பாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் சாயலில் செயற்கையாகச் சமைக்கப்பட்ட பொருள் அது. நீரில் எளிதிற் கரையாத நுண்துகள்களாக அதனைக் கலக்கித் தசையுட் செலுத்தினால், அது சிறுகச் சிறுகக் கரைந்து மூன்று திங்கள் வரை வேலை செய்யும். சினைமுட்டை வெளிப்படுவதை அது தடுக்கும். கருப்பை வாயிலில் ஊறும் சளியைத் தடிப்பாக்கி, விந்தணு உட்புகாதவாறு காக்கும். ஒரு முறைக்கு 150 மில்லிகிராம் போதுமானது. 'டெப்போ-புரோவெரா' என்பது அதற்கு வணிகர் இட்ட பெயர்.

தொடக்கத்தில் இம்மருந்து கருத்தடைக்கென வந்ததன்று என்பது வியப்புக்குரியது. கருச்சிதைவு நேருமோ என அஞ்சப்பட்ட மகளிர்க்கும், கருப்பை உட்படலம் இடம்மாறி வளரும் நோயால் வருந்திய மகளிர்க்கும் அது கொடுக்கப்பட்டது. குறைப்பேற்றைத் தடுக்க அதனைக் கையாண்ட பிரேசில் மருத்துவர் எல்சிமார் கூட்டின்ஹோ, பேறு முடிந்த பின்னரும் அம்மகளிர் நெடுநாள் கருவுறாதிருந்ததைக் கண்ணுற்றார். பிள்ளை தங்கவேண்டும் என்று கொடுத்த மருந்து, பிள்ளை வேண்டாதார்க்கு உதவும் மருந்தாயிற்று.

1967இல் அப்ஜான் நிறுவனம் இதனைக் கருத்தடை மருந்தாக விற்க இசைவு வேண்டி அமெரிக்க உணவு மருந்து ஆணையத்திடம் விண்ணப்பித்தது. அந்த இசைவு கிடைக்க இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் உலகின் வேறு பல நாடுகளில் இலட்சக்கணக்கான மகளிர் அதனைப் போட்டுக்கொண்டுவிட்டனர். தன் நாட்டுப் பெண்டிர்க்கு ஏற்றதன்று என ஒரு நாடு மறுத்ததை வறிய நாட்டுப் பெண்டிர்க்கு வழங்குதல் முறையோ என்று ஒரு சாரார் கேட்டனர். ஆண்டுதோறும் மகப்பேற்றிலேயே ஆயிரமாயிரம் பெண்கள் மாண்டுபோகும் நாட்டையும், அவ்விடர் மிக அருகிய நாட்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமோ என்று மற்றொரு சாரார் கேட்டனர். இரு வினாக்களும் நேர்மையானவையே. இவ்வழக்கில் ஒரு சாராரை மட்டும் மனச்சான்று உடையோர் என்று எழுதிச் செல்வோர் வரலாற்றை அறியாதவராவர்.

மலேசியாவுக்கு அண்மையில் இம்மருந்து முதன்முதல் வேரூன்றிய இடம் சியாங் மாய். சயாம் என முன்னோர் வழங்கிய தாய்லாந்தின் வடபகுதியில் உள்ளது அந்நகர். கிறித்துவத் திருத்தொண்டர் நிறுவிய மெக்கார்மிக் மருத்துவமனையில் எட்வின் மெக்டேனியல் என்னும் அமெரிக்க மருத்துவர் அப்போது பணியாற்றி வந்தார். 1965இல் அவர் இவ்வூசியை வழங்கத் தொடங்கினார். அந்நாளில் தாய்லாந்து அரசாங்கத்துக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கை என ஒன்று இல்லை. 1970இல்தான் அஃது அறிவிக்கப்பட்டது. எனினும் மகளிர் வந்தனர். மருத்துவமனைக்கு வர இயலாதோரை நாடி, மருத்துவக் குழுவினர் வண்டியேறிச் சிற்றூர்களுக்குச் சென்றனர்.

அம்மக்கள் ஊசியை அத்துணை எளிதில் ஏற்றதற்குப் பின்னணி ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் தாய்லாந்தில் 'யாஸ்' எனப்படும் தொற்றுப் புண்ணோயை ஒழிக்க முனைந்தன. ஆண்டுக்கணக்கில் ஆறாதிருந்த புண்கள் பென்சிலின் ஊசி ஒன்றால் சில நாள்களில் காய்ந்து உதிர்ந்தன. கண்முன்னே நிகழ்ந்த அந்த மாற்றத்தை எவர் மறப்பர்? மாத்திரை விழுங்குவது ஐயத்துக்கு இடமானது. ஊசியோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் ஊன்றியது. "ஊசி போட்டால்தான் வைத்தியம்" என்று எண்ணும் பாட்டிமார் நம் ஊர்களிலும் இருந்தமையை ஆசிரியப் பெருமக்கள் நினைவுகூர்வர்.

சியாங் மாய் மகளிர் பின்னாளில் மருத்துவ உலகுக்கே சான்றாயினர். ஆய்வுக்கூடத்தில் இம்மருந்தை மிகுதியாகப் பெற்ற பீகில் இன நாய்களுக்கு மார்புக் கட்டிகளும், குரங்கினங்களுட் சிலவற்றுக்குக் கருப்பைப் புற்றும் தோன்றின என்னும் செய்தியே அமெரிக்க ஆணையத்தின் தயக்கத்துக்குப் பெருங்காரணம். நாய்க்கு நேர்ந்தது பெண்ணுக்கும் நேருமா என்பதைப் பல்லாண்டு ஊசி போட்டுக்கொண்ட பெண்களைக் கொண்டே அறிதல் கூடும். மெக்டேனியல் தம் வட்டாரத்தில் கருப்பை உட்படலப் புற்றுக்கு ஆளான மகளிரின் வரலாறுகளைத் தேடி ஆராய்ந்தார். அவர்களுள் எவரும் இவ்வூசி போட்டுக்கொண்டவர் அல்லர். உலகச் சுகாதார நிறுவனம் தாய்லாந்து, கென்யா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் நடத்திய விரிவான ஆய்வின் முடிவு 1991இல் வெளிவந்தது. மொத்தத்தில் மார்புப் புற்று மிகுவதாகத் தெரியவில்லை என அது காட்டியது. அமெரிக்க ஆணையம் 1992 அக்டோபரில் இசைவளித்ததற்கு அவ்வாய்வும் துணைநின்றது.

அவ்விருபத்தைந்து ஆண்டு இழுபறியில் ஒரு கறையும் உண்டு. அட்லாண்டா நகரின் கிரேடி மருந்தகத்தில் 1967 முதல் 1978 வரை இவ்வூசி சோதனை முறையில் வழங்கப்பட்டது. அதனைப் பெற்றோருள் மிகப் பலர் வறிய கறுப்பின மகளிர். அவர்களிடம் முறையாக விளக்கி இசைவு பெறப்பட்டதா, அவர்களைப் பற்றிய பதிவேடுகள் செம்மையாக இருந்தனவா என்று பின்னர்ப் பலத்த கண்டனம் எழுந்தது. பிரிட்டனிலும் அவ்வாறே. புலம்பெயர்ந்து சென்ற ஆசிய, மேற்கிந்தியப் பெண்டிர்க்குப் பேறுகாலத்தை அடுத்து, போதிய விளக்கமின்றி ஊசி போடப்பட்டதாக 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில் கிளர்ச்சி நடந்தது. மருந்து ஒன்றே, கேட்டுப் பெற்றவள் ஒருத்தி, கேளாமல் பெற்றவள் மற்றொருத்தி.

இவ்விரு நிலைகளும் பின்னிப் பிணைந்து கிடந்த நாடு தென் ரொடீசியா, இன்றைய சிம்பாப்வே. வெள்ளையர் ஆட்சியில் கறுப்பின மக்கள்தொகை பெருகுதல் கண்டு அஞ்சியோர் பலர். கருத்தடை ஊசி பண்ணைகளிலும் மருந்தகங்களிலும் தாராளமாகப் புழங்கியது. விடுதலைப் போராளிகள் அதனை இன அழிப்புக் கருவி எனச் சாடினர். 1980இல் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே சுகாதார அமைச்சர் ஹெர்பர்ட் உஷேவொகுன்சே டெப்போ-புரோவெராவைத் தடைசெய்தார்.

தடைக்குக் காரணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தென்னாப்பிரிக்காவிலும் 1974இல் அரசு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம், பண்ணைதோறும் நடமாடும் மருந்தகங்களை அனுப்பிற்று. நல்ல பள்ளியும் குடிநீரும் மறுக்கப்பட்ட மக்களுக்குக் கருத்தடை மட்டும் இலவசமாகக் கிடைத்தது. அரசின் நோக்கம் யாதென உய்த்துணர அறிவாளி ஒருவர் தேவையில்லை. ஆயின் சிம்பாப்வேத் தடையால் இழப்புற்றவர் யாவர்? கணவனும் மாமியாரும் அறியாவண்ணம் மூன்று திங்களுக்கு ஒருமுறை சந்தைக்குப் போவதுபோல் போய் ஊசி போட்டுவந்த பெண்கள் அந்நாட்டில் இருந்தனர். மாத்திரையை வீட்டில் ஒளித்துவைக்க வேண்டும். ஊசிக்கு அந்தத் தொல்லை இல்லை. வெள்ளை அதிகாரி அவர்களைக் கேட்காமல் ஊசியைக் கொண்டுவந்தார். கறுப்பு அமைச்சரும் அவர்களைக் கேட்காமல் ஊசியை எடுத்துக்கொண்டார். தடை 1992இல்தான் நீங்கியது.

மக்கள்தொகையை எண்ணிப் பார்க்கும் அரசின் கணக்கும், தன் வயிற்றையும் வலுவையும் எண்ணிப் பார்க்கும் பெண்ணின் கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. இதற்கு அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூர் 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்து, 1972 முதல் இரண்டு பிள்ளைகளே போதும் என முழங்கியது. 1986இல் அவ்வாரியம் கலைக்கப்பட்டு, மறு ஆண்டில் வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறுக என்றது. மலேசியாவிலும் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் எழுந்தது. 1984இல் ஏழு கோடி மக்கள்தொகை என்னும் இலக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில் அதன் பெயரும் மாறிற்று. தாய் ஒருத்தி இளமையில் கேட்ட அறிவுரைக்கு நேர்மாறானதை அவள் மகள் கேட்க நேர்ந்தது.

இந்தியாவின் செய்தி இன்னும் கசப்பானது. 1975 முதல் 1977 வரை நடந்த நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் எத்துணை மனமுவந்தவை என்பதை நாடறியும். அந்தத் தழும்பு ஆறாத நிலையில், நெட்-என் என்னும் மற்றொரு கருத்தடை ஊசியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்துப் பார்த்தது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1985இல் அதற்கென முகாம் நடந்தது. 'ஸ்திரீ சக்தி சங்கடனா' என்னும் மகளிர் அமைப்பினர் அங்குச் சென்று, கூடியிருந்த பெண்களிடம் பேசினர். தாங்கள் ஒரு சோதனைக்கு உட்படுத்தப்படப் போவதையே அவர்கள் அறிந்திருக்கவில்லை. விளக்கம் கேட்டதும் பலரும் எழுந்து போயினர். 1986இல் அவ்வமைப்பினர் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். கருத்தடை ஊசி அந்நாட்டு அரசுத் திட்டத்தில் 'அந்தரா' என்னும் பெயருடன் நுழைய 2017ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அந்த முப்பதாண்டுத் தாமதத்துக்கு எதிர்த்தோரைக் குறைகூறுவாரும் உளர். பட்டான்செருவில் முன்னரே விளக்கியிருப்பின், அங்கேயே சிலர் உடன்பட்டிருக்கவும் கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

விளக்கிச் சொன்னால் என்னாகும் என்பதற்கு வங்காளதேசத்து மாத்லப் சான்று பகரும். டாக்காவின் தென்கிழக்கே, ஆறுகளும் ஓடைகளும் ஊடறுத்துச் செல்லும் தாழ்நிலம் அது. மழைக்காலத்தில் ஊருக்கு ஊர் தோணியே வாகனம். 1963 முதல் அங்கு வாந்திபேதி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வந்தது. ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் வீடுவீடாகச் சென்று குறித்துவைத்த ஊர்ப்பகுதி என்பதால், அங்கு ஒன்றைச் செய்துபார்த்தால் விளைவு தெள்ளெனத் தெரியும். 1975இல் மாத்திரையும் ஆணுறையும் வீடுவீடாக வழங்கப்பட்டன. வழங்கியோர் பெரும்பாலும் எழுத்தறியா முதிய மருத்துவச்சிகள். முதலில் பலரும் வாங்கினர். பின்னர்ப் பயன்பாடு சரிந்தது. தலைசுற்றல், உதிரப்போக்கு என்று பெண்கள் முறையிட்டபோது விடைகூற ஆளில்லை.

1977 அக்டோபரில் முறை மாற்றப்பட்டது. படித்த, மணமான, அவ்வூர்களிலேயே வாழ்ந்த இளம்பெண்கள் 80 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். அவர்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை வீடுதோறும் சென்றனர். மாத்திரையோடு ஊசியையும் எடுத்துச் சென்றனர். முக்காடிட்ட மகளிர் வாயிற்படி தாண்டாத ஊரில், ஊசியே படிதாண்டி உள்ளே வந்தது. அது வந்ததனினும், வந்தவள் மறுமுறையும் வந்தாள் என்பதே பெரிது. உதிரப்போக்கு மாறினால் அஞ்சவேண்டியதில்லை என அவள் கூறினாள். வேறு முறை வேண்டின் மாற்றிக்கொடுத்தாள். போதும் என்றாரை வற்புறுத்தவில்லை. திட்டம் தொடங்குமுன் அங்கு மணமான பெண்களுள் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே கருத்தடை முறைகளைக் கைக்கொண்டிருந்தனர். இரண்டாண்டுக்குள் அது ஏறத்தாழ மூவருள் ஒருவர் என்னும் அளவை எட்டியது. ஊசியே பலரும் விரும்பிய முறையாக இருந்தது.

மருத்துவரல்லாதார் கையில் ஊசியா என்று அந்நாளில் அதிர்ந்தோர் பலர். ஆயினும் இந்தோனேசியாவில் சிற்றூர் மருத்துவச்சியரான பீடான்கள் தம் இல்லத்திலேயே ஊசி போடுவது நாளடைவில் வாடிக்கையாகி, ஊசியே அந்நாட்டில் முதன்மைக் கருத்தடை முறையும் ஆயிற்று. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மணமான மகளிருள் 29 விழுக்காட்டினர் அதனைக் கைக்கொண்டிருந்தனர். உகாண்டாவின் நக்கசொங்கோலா மாவட்டத்தில் 2004இல் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்து ஊசி போடச் செய்தனர். தாதியர் போட்டதற்கும் அவர்கள் போட்டதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவர், தாதி, மருத்துவச்சி, ஊர்ப்பெண் என்று ஊசி படிப்படியாக இறங்கி வந்தது. இறங்க எஞ்சியிருந்த படி ஒன்றுதான்.

அந்தப் படியில் கால்வைப்பதற்கு மருத்துவ உலகம் தயங்கியமை புரியாத புதிர். 1922இல் இன்சுலின் மருந்து வழக்குக்கு வந்தது. நாள்தோறும் ஊசி போட மருத்துவரை நாடுதல் இயலாதாகையால், நீரிழிவு நோயாளிகள் தாமே போட்டுக்கொள்ளக் கற்றனர். பள்ளிச் சிறாரும் கற்றனர். அளவு சற்றே மிகினும் மயக்கம் வரும் மருந்து அது. அதனை நோயாளி கையில் கொடுக்கத் தயங்காத மருத்துவம், மூன்று திங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பெண் கையில் கொடுக்க எண்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. கருவிக் குறைபாடு ஒரு காரணம். பழைய ஊசி தசையின் ஆழத்தில் செலுத்தவேண்டியது. குப்பி, குழல், ஊசி எனத் தனித்தனி. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போட்டால் நோய் பரவும் என்னும் அச்சமும் நியாயமானதே. இவை போக, பெண் தன் கருவைப் பற்றித் தானே முடிவெடுத்தல் குறித்த பழைய தயக்கமும் உள்ளே மறைந்திருந்தது.

கருவிக்கான தீர்வு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கும் 'பாத்' என்னும் அமைப்பிலிருந்து வந்தது. 'யூனிஜெக்ட்' எனப்படும் அது கைக்கடக்கமான ஒரு பிளாஸ்டிக் குமிழ், அளந்த மருந்து அதனுள் அடைக்கப்பட்டிருக்கும், நுனியில் சிற்றூசி. குமிழை அமுக்கினால் மருந்து இறங்கும். மீண்டும் நிரப்ப இயலாதாகையால் இன்னொருவருக்குப் பயன்படாது. முதலில் இது தடுப்பூசிகளுக்கென எண்ணப்பட்டது. திங்கள்தோறும் போடும் வேறொரு கருத்தடை மருந்தை இதில் அடைத்து, பிரேசில் நாட்டு மகளிர் தாமே போட்டுக்கொள்ளுமாறு செய்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. அது முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. எனினும் மூன்று திங்கள் மருந்து தோலின்கீழ்ச் செலுத்தத்தக்க வடிவில் 2004இல்தான் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அளவும் குறைந்தது, 104 மில்லிகிராம் போதும். அம்மருந்தும் யூனிஜெக்ட்டும் சேர்ந்து 'சயானா பிரஸ்' ஆயின. 2014 முதல் புர்கினா ஃபாசோ, நைஜர், செனகல், உகாண்டா ஆகிய நாடுகளில் அது புழக்கத்துக்கு வந்தது. தாமே போட்டுக்கொள்ள பிரிட்டன் 2015இல் இசைவளித்தது.

செய்முறையைக் கேட்போர் இவ்வளவுதானா என்பர். மூடியைக் குமிழை நோக்கி அழுத்தினால் 'டிக்' என்று ஓசை எழும். ஊசிக்கும் மருந்துக்கும் இடையே வழி திறந்துவிட்டது என்பது பொருள். அதற்கு முன்னரே மருந்து நன்கு கலக்குமாறு குலுக்கிவிடுதல் வேண்டும். வயிற்றிலோ தொடையின் முன்புறத்திலோ தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியைக் கீழ்நோக்கிச் செருகி, ஐந்து முதல் ஏழு நொடி வரை மெல்ல அமுக்கவேண்டும். பின்னர் அவ்விடத்தைத் தேய்த்தல் ஆகாது. அடுத்த ஊசி நாளை நாள்காட்டியில் குறித்துவைத்தல் வேண்டும். உகாண்டாவின் முபெண்டே மாவட்டத்தில் மகளிர்க்குப் படங்கள் நிறைந்த சிறுநூலைத் தந்து இதனைக் கற்பித்தனர். மூன்று திங்கள் கழித்து அவர்கள் தாமே போடும்போது பார்த்தனர். 380 பேர் பங்கேற்ற அவ்வாய்வில் 88 விழுக்காட்டினர் பிழையின்றிச் செய்தனர். ஒரே ஒரு பாடம், பின்னர் மூன்று திங்கள் இடைவெளி, பின்னர்த் தேர்வு. வகுப்பறையில் இத்தகைய தேர்ச்சி விழுக்காட்டைக் காணும் ஆசிரியர் பேறுபெற்றவரே.

இவற்றுள் மிகவும் பேசப்பட்டது மலாவி நாட்டு மங்கோச்சி மாவட்டத்தில் நடந்த ஆய்வு. 2018இல் வெளிவந்தது. 731 மகளிர் அதில் பங்குபெற்றனர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் சுகாதாரப் பணியாளரிடம் வந்து ஊசி போட்டுக்கொள்ளவும், மறுபாதியினர் கற்றுக்கொண்டு வீட்டில் தாமே போட்டுக்கொள்ளவும் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில், பணியாளரை நாடியோருள் தொடர்ந்து போட்டுவந்தவர் 45 விழுக்காட்டினர். தாமே போட்டுக்கொண்டோருள் 73 விழுக்காட்டினர்.

இவ்வேறுபாட்டின் பொருள் யாது? மருந்து ஒன்றே, மாவட்டம் ஒன்றே, பெண்களும் ஒத்தவரே. வேறுபட்டது வழிநடை. பணியாளரை நாடுபவள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கல்தொலைவு நடந்து, வரிசையில் காத்திருந்து, மருந்து தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பவும் நேரும். நாள் தவறி வந்தால், மாதவிலக்கான பின் வா என்று திருப்பியனுப்பும் வழக்கமும் ஆப்பிரிக்க மருந்தகங்கள் பலவற்றில் இருந்தது. சோள வயலில் களையெடுக்கும் பருவத்தில் ஒருநாள் இழப்பு சிறிய இழப்பன்று. அவள் ஊசியை வெறுத்து நிறுத்தவில்லை, நடையால் நின்றாள். உகாண்டாவிலும் செனகலிலும் நடந்த ஆய்வுகளிலும் தாமே போட்டுக்கொண்டோரே மிகுதியாகத் தொடர்ந்தனர். உகாண்டாவில் 81 விழுக்காட்டுக்கு 65, செனகலில் 80க்கு 70. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட தற்பராமரிப்பு நெறிமுறையில், இதனை எல்லா நாடுகளும் வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. மறு ஆண்டு பெருந்தொற்று வந்து மருந்தகக் கதவுகள் அடைபட்டபோது அப்பரிந்துரையின் அருமை விளங்கிற்று.

இங்ஙனம் கூறுவதால், வீட்டு ஊசி எல்லாப் பெண்களுக்கும் ஏற்றது என்று கொள்ளற்க. மறைத்தலே ஊசியின் சிறப்பு என்று மேலே கண்டோம். ஊசி வீட்டுக்கு வந்துவிட்டால் மறைப்பது எங்கே? ஓரறைக் குடிசையில், அடுத்த முறைக்கான குமிழையும், போட்டு முடித்த ஊசியையும், குறித்துவைத்த நாள்காட்டியையும் கணவன் கண்ணிற் படாமல் வைத்தல் எளிதன்று. அத்தகையோர் மருந்தகத்திலேயே போட்டுக்கொள்ள விரும்புகின்றனர். அண்டைவீட்டுத் தோழியிடம் கொடுத்து வைப்போரும் உளர். தன் கையால் தன்னைக் குத்திக்கொள்ள அஞ்சுவோரும் உளர். அவர்களுக்குத் தாதியின் கையே வேண்டும். இன்னொரு சிக்கல் கழிவு. பயன்படுத்திய ஊசியை மூடியுள்ள டப்பாவிலிட்டுச் சுகாதாரத் தொண்டரிடம் ஒப்படைக்குமாறு சொல்லப்படுகிறது; கழிவறைக் குழியில் எறிந்துவிடுவோரும் உண்டு.

மருந்தின் குறைகளையும் மறைத்தல் தகாது. மாதவிலக்கு ஒழுங்கு மாறும். நாளடைவில் நின்றுபோதலும் கூடும். இதனை முன்கூட்டிச் சொல்லாவிடின், நோய் வந்துவிட்டதென்றோ கருவுற்றோம் என்றோ பெண்கள் அஞ்சுவர். சிலர்க்கு உடல் எடை கூடும். நிறுத்திய பின்னர்க் கருவுறுதல் சில திங்கள் தாமதமாகும். மலடாக்கிவிட்டது என்னும் பழிச்சொல் பல ஊர்களில் எழுந்ததற்கு அத்தாமதமே காரணம். எலும்பின் அடர்த்தி குறைதல் பற்றி 2004இல் அமெரிக்க ஆணையம் கடும் எச்சரிக்கை பிறப்பித்தது. நிறுத்திய பின் அது பெரும்பாலும் மீள்கிறது என ஆய்வுகள் கூறுகின்றன. எய்ட்ஸ் கிருமித் தொற்றை ஊசி எளிதாக்குகிறதோ என்னும் நெடுநாள் ஐயத்தை, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 7,829 மகளிரைக் கொண்டு நடந்த ஆய்வு 2019இல் பெரும்பாலும் களைந்தது. மற்ற முறைகளை ஒப்பிடப் பெரிய வேறுபாடு இல்லை. ஆயின் தொற்றிலிருந்து ஊசி காப்பதும் இல்லை. அதற்கு ஆணுறையே துணை. 2024இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு, நெடுங்காலம் இவ்வூசி போட்டுக்கொள்வோர்க்கு மூளையுறைக் கட்டி தோன்றும் வாய்ப்பு பன்மடங்கு மிகுதி எனக் காட்டியுள்ளது. அந்நோய் அரிதானது, ஆயினும் போட்டுக்கொள்பவள் அறியவேண்டிய செய்தி.

கருவியும் வந்தது, கல்வியும் வந்தது. பணம் எங்கிருந்து வரும் என்பது தனிக்கதை. அமெரிக்க ஆணையம் இசைவளிக்காத காலத்தில் அந்நாட்டு வெளிநாட்டு உதவி அமைப்பு இவ்வூசியை வழங்க இயலாதிருந்தது. அனைத்துலகக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சம்மேளனமும் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும் வழங்கின. 1992க்குப் பின் அந்நாடே பெருங்கொடையாளரில் ஒன்றாயிற்று. சயானா பிரஸ் குமிழ் ஒன்று ஒரு டாலர் விலைக்கு வறிய நாடுகளுக்குக் கிடைக்குமாறு 2014இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 2017இல் அவ்விலை 85 காசாகக் குறைந்தது. மூன்று திங்களுக்கு ஒரு டாலர் கூட இல்லை. ஆயினும் அதையும் கையிலிருந்து கொடுக்க இயலாத பெண்ணுக்கு அது வேறெவரோ தரவேண்டிய டாலர்.

2025இல் அமெரிக்க அரசாங்கம் அனைத்துலகக் குடும்பக் கட்டுப்பாட்டு உதவியை நிறுத்தியது. அதன் உதவி அமைப்பும் மூடப்பட்டது. முன்னரே பணம் கொடுத்து வாங்கப்பட்ட, ஏறத்தாழ 97 இலட்சம் டாலர் பெறுமானமுள்ள கருத்தடைப் பொருள்கள் பெல்ஜியத்தின் கிடங்கில் முடங்கின. பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளுக்கு எனக் குறிக்கப்பட்டவை. மாத்திரைகளும் கருப்பைக் கருவிகளும் அவற்றுள் இருந்தன, ஊசிமருந்தும் இருந்தது. அவற்றை எரித்துவிடப் போவதாக அந்த ஆண்டு சூலைத் திங்களில் செய்தி வந்தது. மங்கோச்சியில் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்ணுக்குக் குமிழைக் குலுக்கவும் தெரியும், நாள் குறிக்கவும் தெரியும். பதின்மூன்று வாரம் முடிந்ததும் அடுத்த குமிழ் வரவேண்டும். பிந்தினால் நான்கு வாரம் வரை பொறுக்கலாம்.